வானத்துக் கணக்கும் நம் நெல் வயலும்

(பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சில வாரங்களுக்கு முன் ஒரு கிராமத்துக்கு நாற்றங்கால் பார்க்கப் போயிருந்தேன். வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "ஏன் சார், நம்ம நெல் வயல்லேருந்து கிளம்புற வாயுவாலதான் உலகமே சூடாகுதுன்னு பேரன் செல்போன்ல படிச்சுக் காட்டுறான். வெளிநாட்டுல வருஷா வருஷம் கூட்டம் போட்டு இதைப் பேசுறாங்களாமே? நெல்லு போடக்கூடாதுன்னு சட்டம் கிட்டம் வந்துருமா?" என்று கேட்டார்.

"அப்படிச் சட்டம் எதுவும் இல்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவர் கேட்டதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. நெல் வயல் இந்த உலக மாநாடுகளின் பேச்சில் அடிபட்டதும் உண்மை, அடிபடுவதும் உண்மை. வரப்பில் நின்றபடி அஞ்சு நிமிஷத்தில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால், இன்றைய உரைக்கு அதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் அந்த வாயு என்ன என்று பார்ப்போம். தண்ணீர் கட்டி நிற்கிற வயலில் சேற்றுக்குள் கால் வைத்தால் 'புளுக்'கென்று குமிழ் கிளம்பும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் இருப்பது மீத்தேன் வாயு. சாண எரிவாயுக் கலத்திலிருந்து வந்து அடுப்பில் எரிகிறதே, அதே சரக்கு. காற்றுப் புகாத சேற்றில் மக்குகிற தாள், தழை, வேர் இவற்றைத் தின்று நுண்ணுயிர்கள் உண்டாக்குவது இது. குமிழாகக் கிளம்புவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் துளைகள் வழியாக, கண்ணுக்குத் தெரியாமல் மேலே போய்விடுகிறது.

உலகத்தைச் சூடாக்கும் வாயுக்களில் இது ஒன்று. ஆனால் முதல் குற்றவாளி இது அல்ல. முதலாவது கரியமில வாயு. நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பதால் வருவது. ஆலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. மார்கழிக் குளிரில் ஒரு போர்வை போர்த்தினால் சுகம். அதையே ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டே போனால் என்னாகும்? பூமிக்கு அதுதான் நடக்கிறது.

மீத்தேன், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் 28 மடங்கு சூடேற்றும். ஆனால் ஏறத்தாழ பன்னிரண்டு வருஷத்தில் காற்றிலேயே சிதைந்து போகும். கரியமில வாயு அப்படிப் போகாது. நம் பாட்டனார் காலத்தில் இங்கிலாந்தில் எரித்த நிலக்கரியின் புகையில் ஒரு பங்கு இன்னும் நம் தலைக்கு மேலேதான் நிற்கிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டையே இங்கேதான் ஆரம்பம்.

ஒரு ஊர்ப் பொது ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மடைக்காரர் நாலு பேர், ஆளுக்கொரு ஆயில் இன்ஜின் வைத்து, கேட்பாரில்லாமல் நூற்றைம்பது வருஷம் இறைத்துவிட்டார்கள். கரும்பு போட்டார்கள், மாடி கட்டினார்கள். ஏரி அடிமட்டத்துக்கு வந்த பிறகு ஊர்க்கூட்டம் போட்டு, "இனிமேல் எல்லோரும் சமமாகக் குறைத்துக்கொள்வோம்" என்கிறார்கள். இப்போதுதான் முதல் முதலாகக் கமலை பூட்டியவன் என்ன சொல்வான்? உலக நாடுகள் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருப்பது இதைத்தான். வானத்தில் எவ்வளவு புகை கொள்ளுமோ அந்த இடம்தான் ஏரி. நிலக்கரி, எண்ணெய் எரித்ததால் இதுவரை சேர்ந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அமெரிக்கா ஒரு நாட்டுக்கே உரியது. உலக ஜனத்தொகையில் ஆறில் ஒருவருக்கு மேல் இருக்கும் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு நாலுகூட இல்லை. இன்றைக்கும் சராசரி அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்குப் பதினாலு டன்னுக்குக் குறையாமல் விடுகிறார். நம் நாட்டில் தலைக்கு இரண்டு டன் அளவில்தான்.

அதற்காக நாம் மட்டும் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. மொத்தமாகக் கூட்டினால் இன்று முதலிடம் சீனாவுக்கு, மூன்றாவது இடம் இந்தியாவுக்கு. அதையும் மறைக்கக்கூடாது.

இந்தக் கணக்கில் நெல் வயல் எப்படி வந்து சேர்ந்தது என்பது ஒரு கதை. 1992-ல் பிரேசில் நாட்டில் ரியோ டி ஜெனிரோ நகரில் ஐக்கிய நாடுகள் சபையின் பெரிய மாநாடு ஒன்று நடந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், யார் எவ்வளவு புகை விடுகிறார்கள் என்று வாஷிங்டனில் இருக்கும் உலக வளங்கள் ஆய்வு நிறுவனம் ஒரு பட்டியல் போட்டது. உலகை அதிகம் சூடாக்கும் முதல் ஐந்து நாடுகளில் இந்தியாவையும் சேர்த்துவிட்டார்கள். காரணங்களில் முக்கியமானது நம் நெல் வயலும் நம் மாடுகளும். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு போட்ட கணக்கில், இந்திய நெல் வயல்கள் மட்டும் வருஷத்துக்கு 370 லட்சம் டன்னுக்கு மேல் மீத்தேன் விடுவதாக இருந்தது.

எங்கே அளந்தார்கள் தெரியுமா? நம் வயலில் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிற நெல் வயல்களில் அளந்த அளவை, நம் ஏக்கர் கணக்கால் பெருக்கிவிட்டார்கள். பக்கத்து ஊர் மாட்டின் பால் கறவையை வைத்து நம் மாட்டுக்கு வரி போட்டது மாதிரி.

டெல்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே ஏ. பி. மித்ரா என்ற விஞ்ஞானி இருந்தார். அவருடைய முன்முயற்சியில், 1991-ல் பல மாநிலங்களில் வயலில் இறங்கி அளந்தார்கள். முறை எளிமையானது. நெற்குத்துகளின் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை, பெட்டிக்குள் சேர்ந்த காற்றை ஊசிக் குழலால் உறிஞ்சி எடுத்து, கருவியில் வைத்து மீத்தேன் எவ்வளவு என்று பார்ப்பார்கள். வெயிலில், சேற்றில் நின்று செய்கிற வேலை. ஒரு வயலில் அல்ல, நீர் நிற்கும் வயல், மானாவாரி வயல், மேட்டு வயல் என்று வகை வகையாக. கூட்டிப் பார்த்தபோது மொத்தம் வந்தது சுமார் 40 லட்சம் டன். சொன்னதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான்!

ஏன் இவ்வளவு வித்தியாசம்? நம் நாட்டு நெல்லில் பெரும்பகுதி எப்போதும் தண்ணீரில் நிற்பதில்லை. மழை பெய்தால் நிற்கும், இல்லாவிட்டால் காயும். காய்ந்தால் மண்ணுக்குள் காற்றுப் போகும், மீத்தேன் உண்டாகாது. நம் மண்ணில் மக்கிய பொருளும் குறைவு. தண்ணீர்ப் பஞ்சமும் மண்ணின் ஏழ்மையும் இந்த ஒரு விஷயத்திலாவது நமக்குச் சாட்சி சொல்லின. ஒரு விஞ்ஞானப் பட்டதாரி என்ற முறையில் எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். கோஷம் போட்டு ஜெயிக்கவில்லை, அளந்து ஜெயித்தார்கள். உரக்கடையில் எடை போடும்போது கூடவே நின்று முள்ளைப் பார்க்கிற விவசாயிக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே 1991-ல் அனில் அகர்வால், சுனிதா நாராயண் என்ற இருவர் அந்த வாஷிங்டன் பட்டியலை எதிர்த்து ஒரு சிறு நூல் எழுதினார்கள். அவர்கள் கேட்டது இதுதான்: சொகுசுக் காரின் புகையையும், கால் வயிற்றுக் கஞ்சிக்கு நெல் போடுகிறவனின் வயலில் கிளம்பும் வாயுவையும் ஒரே தராசில் வைக்கலாமா? பிழைப்புக்காக விடுவது வேறு, சொகுசுக்காக விடுவது வேறு என்றார்கள். அந்த வாதம் அதன்பின் பல மாநாடுகளில் ஒலித்தது.

ரியோவில் ஒப்பந்தம் ஏற்பட்டது. 150-க்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்துப் போட்டன. அதில் இரண்டு விஷயம் நமக்கு வேண்டியது. ஒன்று, பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல, பணக்கார நாடுகள் முன்னே நடக்க வேண்டும் என்றது. இரண்டாவது, அதன் நோக்கத்தைச் சொல்லும் இரண்டாம் பிரிவிலேயே, உணவு உற்பத்திக்கு ஆபத்து வராமல் இதைச் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பெரியவருடைய கேள்விக்குப் பாதிப் பதில் அங்கே இருக்கிறது.

ஒப்பந்தம் ஆன பிறகு, 1995-ல் ஜெர்மனியில் பெர்லின் நகரில் முதல் கூட்டம். அது முதல் அநேகமாக ஒவ்வொரு வருஷமும் ஒரு கூட்டம். இந்தக் கூட்டங்களில் ஓட்டெடுப்பு நடைமுறை கிடையாது. ஓட்டு எப்படி எடுப்பது என்ற விதியையே இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் இணங்கினால்தான் தீர்மானம். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு பங்காளி துண்டை உதறிக்கொண்டு எழுந்தால் பாகப்பிரிவினை நிற்கிறதல்லவா, அது மாதிரிதான். தீர்மான நகலில் ஒத்துவராத வார்த்தைகளைப் பகர அடைப்புக்குள் போட்டு வைப்பார்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒவ்வோர் அடைப்பாக நீக்குவார்கள்.

1997-ல் ஜப்பானில் கியோட்டோ நகரில், பணக்கார நாடுகள் 1990-ல் விட்டதைவிட சராசரி 5 சதம் குறைப்பதாக ஒத்துக்கொண்டன. நமக்குக் கட்டுப்பாடு வைக்கவில்லை. அமெரிக்க செனட் சபைக்கு அதுதான் பிடிக்கவில்லை. கியோட்டோவுக்கு முன்பே, வளரும் நாடுகளும் கட்டுப்படாத ஒப்பந்தம் வேண்டாம் என்று 95-க்கு பூஜ்யம் என்ற ஓட்டில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். 2001-ல் அமெரிக்கா ஒதுங்கியது. ரஷ்யா சேர்ந்த பிறகு 2005-ல்தான் அது அமலுக்கு வந்தது.

2009-ல் டென்மார்க் நாட்டில் கோபன்ஹேகன் மாநாடு. பெரிய எதிர்பார்ப்போடு கூடி, பெரிய ஏமாற்றத்தில் முடிந்தது. ஆனால் இரண்டு காரியம் நடந்தது. 2020 முதல் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன. இரண்டாவது, அதையொட்டி இந்தியா தானாக ஒரு இலக்கு அறிவித்தது. உற்பத்தி மதிப்பில் ஒவ்வொரு ரூபாய்க்கும் விடும் புகையை, 2005-ஐவிட 2020-க்குள் 20 முதல் 25 சதம் குறைப்போம் என்றது. ஆனால் அதில் விவசாயத்தைச் சேர்க்கவில்லை. விவசாயத்திலிருந்து வருவதை இந்தக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். பெரியவரின் கேள்விக்கு மீதிப் பாதிப் பதில் இது.

பிறகு 2015 டிசம்பரில் பாரிஸ். உலகச் சூடு, ஆலைகள் வருவதற்கு முந்தைய நிலையிலிருந்து 2 டிகிரிக்கு நன்றாகக் கீழே நிற்க வேண்டும், 1.5 டிகிரியில் நிறுத்தவும் முயல வேண்டும் என்று முடிவாயிற்று. எவ்வளவு குறைப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தானே சொல்லும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும். சொன்னதைச் செய்யாவிட்டால் அபராதம் இல்லை.

கடைசி நாள் மாலையில் ஒரு வார்த்தைக்காகக் கூட்டம் நின்றது. பணக்கார நாடுகள் புகையைக் குறைப்பதில் 'முன்னிற்க வேண்டும், இது கட்டளை' என்ற பொருளில் ஒரு ஆங்கிலச் சொல் நகலில் இருந்தது. அமெரிக்கப் பிரதிநிதிகள் பார்த்துவிட்டார்கள். அது அப்படியே இருந்தால் செனட் சபைக்கு எடுத்துப் போக வேண்டிவரும். போனால் தேறாது. அரங்கத்தில் ஆங்காங்கே கூடிக் கூடிப் பேசினார்கள். முடிவில், அது எழுத்துப் பிழை என்று சொல்லி, 'முன்னிற்பது தகும்' என்கிற மாதிரி மாற்றி மேடையில் வாசித்துவிட்டார்கள். தலைவர் பச்சை நிறச் சிறிய சுத்தியலால் மேஜையைத் தட்டினார். முடிந்தது. பத்திரம் எழுதும்போது 'கொடுக்கக் கடவது' என்பதற்கும் 'கொடுத்தால் நலம்' என்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும். அவ்வளவு விட்டுக்கொடுத்தும் அமெரிக்கா 2020-ல் விலகியது, 2021-ல் திரும்ப வந்தது, 2025 ஜனவரியில் மறுபடி விலகல் உத்தரவு போட்டது.

பணக் கதை என்ன ஆயிற்று? அந்தப் பத்தாயிரம் கோடி டாலர், பணக்கார நாடுகளின் சொந்தக் கணக்குப்படியே 2022-ல்தான் முதல் தடவையாக எட்டியது. அதிலும் பெரும்பகுதி கடன். வெள்ளத்தில் வீடு போனவனுக்கு வட்டிக்குக் கொடுத்துவிட்டு உதவி என்று எழுதிக்கொள்வதை நான் உதவி என்று சொல்லமாட்டேன். 2024-ல் அஜர்பைஜான் நாட்டில் பாகூ நகரில் கூடியபோது, வளரும் நாடுகள் ஆண்டுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடி டாலர் கேட்டன. 2035-க்குள் முப்பதாயிரம் கோடி என்று முடித்துத் தட்டிவிட்டார்கள். இந்தியப் பிரதிநிதி எழுந்து, இதை ஏற்கமுடியாது என்று அங்கேயே ஆட்சேபித்தார்.

இன்னொரு தனிக் கணக்கும் உண்டு. குறைப்பதற்கான பணம் அல்ல, நேர்ந்துவிட்ட சேதத்துக்கான பணம். கடல் ஏறி மூழ்கும் அபாயத்தில் இருக்கிற சின்னத் தீவு நாடுகள் சார்பில், பசிபிக் கடலில் உள்ள வனுவாட்டு என்ற நாடு 1991-லேயே இதைக் கேட்டது. நிதி அமைப்பதாக ஒத்துக்கொண்டது 2022-ல், எகிப்து நாட்டுக் கூட்டத்தில். முப்பத்தொரு வருஷம்! கேட்டவர்களில் எத்தனை பேர் இருந்து பார்த்தார்களோ. அடுத்த ஆண்டு துபாயில் கூடி, அதற்கு எழுபது கோடி டாலர் அளவில் கொடுப்பதாகச் சொன்னார்கள். 2018 நவம்பரில் கஜா புயலில் டெல்டாவில் சாய்ந்த தென்னைகளை நானும் பார்த்தவன்தான். அந்தப் புயலை முழுக்க முழுக்க இந்தச் சூட்டின் தலையில் கட்ட எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் வளர்ந்து காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகிற மரம் ஒரே ராத்திரியில் போனால், உலகத்துக்கே பங்கிட்டால் அந்த எழுபது கோடி எந்த மூலைக்கு என்று கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

இனி நம் வயலுக்கு வருவோம். 2021-ல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ கூட்டத்தின்போது, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து, 2030-க்குள் உலகின் மீத்தேனை 30 சதம் குறைப்போம் என்று உறுதிமொழி எடுத்தன. இந்தியா சேரவில்லை. நம் மீத்தேனில் பெரும்பங்கு மாடும் நெல்லும், அவை சிறு விவசாயியின் பிழைப்பு என்பது நம் அரசு சொன்ன காரணம். (மாட்டின் கணக்கு நெல்லைவிடப் பெரியது. அசைபோடும்போது ஏப்பமாக வருவது. அதை இன்னொரு நாள் பேசலாம்.) சேராதது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் கட்டாயம் இல்லை என்பதற்காக, நமக்கு லாபமான காரியத்தையும் விட்டுவிடலாமா?

'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். எப்போதும் தண்ணீர் கட்டாமல், ஒருமுறை கட்டி, வடியவிட்டு, மறுபடி கட்டுவது. இடையில் மண்ணுக்குக் காற்றுக் கிடைப்பதால் மீத்தேன் ஏறத்தாழ பாதியாகக் குறையும். அது வானத்துக்கு. தண்ணீரில் நூற்றுக்கு முப்பது வரை மிச்சமாகும். அது உங்களுக்கு. முறையாகச் செய்தால் விளைச்சல் குறைவதில்லை.

அரை அடிக்குக் குறையாத அகலம், ஒரு அடி நீளம் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு எடுங்கள். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போடுங்கள். துளை உள்ள பாதி மண்ணுக்குள் இருக்கும்படி, வரப்போரம் கைக்கெட்டுகிற இடத்தில் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை வழித்து எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தெரிவதுதான் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் மட்டம். நட்டு இரண்டு வாரம் களைக்காகத் தண்ணீர் நிற்கட்டும். பிறகு, குழாய்க்குள் மட்டம் தரைக்குக் கீழே அரை அடி இறங்கின பிறகு, இரண்டு அங்குலம் கட்டினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும், ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும், வயல் காயக்கூடாது.

இது மோட்டார் வைத்திருப்பவர்களுக்குத் தோதானது. கடைமடையில் முறைத் தண்ணீருக்குக் காத்திருப்பவரிடம் போய் 'காயவிடுங்கள்' என்று நான் சொன்னால், அவர் என்னை வரப்போடு அனுப்பிவிடுவார். அவர் சொல்வதுதான் நியாயம். அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாதவனால் வந்த தண்ணீரை எப்படி விடமுடியும்? ஆழமாக வெடிக்கிற களிமண்ணில் வெடிப்பு விடும்வரை காயவிடுவதும் வேண்டாம். பிறகு கட்டுகிற தண்ணீரெல்லாம் வெடிப்புக்குள் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. மீத்தேன் குறைத்ததை விலைக்கு விற்கிற 'கார்பன்' வியாபாரம் இப்போது வந்திருக்கிறது. நாடுகளுக்கிடையே இப்படி விற்பதற்கான பாரிஸ் ஒப்பந்த விதிகள் 2024-ல் பாகூவில்தான் முடிவாயின. தனியாரும் இதில் இறங்கியிருக்கிறார்கள். உங்கள் வரப்புக்கும் ஒருவர் படிவத்தோடு வரலாம். வருகிறவர்கள் எல்லாம் மோசக்காரர்கள் என்று சொல்லவில்லை. விற்ற பணத்தில் உங்களுக்கு எத்தனை பங்கு, எந்த மாதம் கைக்கு வரும், எத்தனை வருஷத்துக்குக் கட்டுப்பட வேண்டும், மழை கொட்டி வயலில் தண்ணீர் நின்றுவிட்டால் யார் நஷ்டம், உங்கள் வயலில் அளப்பார்களா அல்லது வேறு எங்கோ அளந்ததைப் பெருக்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை அவசியம் கேளுங்கள். படிவம் தமிழில் இருக்கட்டும். பேரனை விட்டு முழுதும் படிக்கச் சொல்லிய பிறகு கையெழுத்து.

அந்தப் பெரியவரிடம் இவ்வளவையும் இரண்டாம் முறை போனபோது சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் குழாய் என்ன விலை ஆகும் சார்?" என்றார். ஆழ்துளைக் கிணறு போட்டபோது மிஞ்சிய துண்டு ஒன்று மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. அதையே அறுத்து, துளை போட்டு, வாய்க்கால் ஓரத்து வயலில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம். அறுவடை ஆனதும், பக்கத்து வயலில் எத்தனை தடவை மோட்டார் ஓடியது, இவருடையதில் எத்தனை தடவை ஓடியது என்ற கணக்கை இதே நிகழ்ச்சியில் சொல்கிறேன்.